வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் அரசு இருந்ததா? இன்று அவர்கள் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

கேட்டவர் மூன்று விஷயங்களைச் சேர்த்தே கேட்டிருக்கிறார். ஐரோப்பியர் வருமுன் வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் அரசு என்று சொல்லத்தக்க ஏதாவது இருந்ததா? இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் அவர்களைத் தனி "நேஷன்" என்கிறார்களே, அது பெயருக்கா, நிஜமா? பறித்த நிலத்துக்கு இழப்பீடு கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டால் என்ன?

சுருக்கமான பதில்: அரசு இருந்தது. இன்றைய அதிகாரமும் நிஜம்தான், ஆனால் கையைக் கட்டிப்போட்ட நிஜம். பணத்தால் கணக்கு முடியாது, முடியவும் இல்லை. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதி. பூர்வகுடிகளின் இறையாண்மை யாரோ இரக்கப்பட்டு வழங்கிய சலுகை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது வாஷிங்டனும் ஒட்டாவாவும் பிறப்பதற்கு முன்பே இருந்தது. பின்னால் வந்த அரசுகள் அதை வெட்டிக் குறைத்தன, சில இடங்களில் திருப்பிக் கொடுத்தன. உருவாக்கியது அவை இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில், இருந்த அரசைப் பார்ப்போம். எத்தனையோ வகை ஆட்சிமுறைகள் அந்தக் கண்டத்தில் இருந்தன. எல்லாவற்றையும் தொட்டுப் போனால் ஒன்றும் மனதில் நிற்காது. அதனால் ஹோடனோசோனி கூட்டமைப்பை மட்டும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இரோக்வாய் என்று அழைத்தது இவர்களைத்தான். இன்றைய நியூயார்க் மாநிலத்தின் வடபகுதி அவர்கள் பூமி. மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனெகா என்ற ஐந்து மக்கள் தங்களுக்குள் ஓயாமல் பழிதீர்த்துக்கொண்டிருந்த காலத்தில், சமாதானத் தூதர் என்று அவர்கள் பக்தியோடு குறிப்பிடும் ஒருவரும் ஹயவாதா என்பவரும் சேர்ந்து மகா சமாதானச் சட்டத்தை ஏற்கச் செய்தார்கள் என்பது அவர்கள் வரலாறு. ஐரோப்பியர் உள்நாட்டுக்குள் வரும்போது அந்தக் கூட்டமைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டஸ்கரோராக்கள் ஆறாவதாகச் சேர்ந்தார்கள்.

அதன் பெருஞ்சபையில் 50 தலைவர் பட்டங்கள். மோஹாக்குக்கு 9, ஒனைடாவுக்கு 9, ஒனண்டாகாவுக்கு 14, கயூகாவுக்கு 10, செனெகாவுக்கு 8. எண்ணிக்கை சமமாக இல்லாதது பெரிய விஷயமில்லை, காரணம் அங்கே தலை எண்ணும் வழக்கமே கிடையாது. ஒவ்வொரு மக்களும் தங்களுக்குள் பேசி ஒரே குரலுக்கு வந்த பிறகுதான் சபையில் வாய் திறப்பார்கள். ஒரு விவகாரம் வந்தால் அது முதலில் மூத்த சகோதரர்களான மோஹாக், செனெகா பக்கம் போகும். அவர்கள் பேசி முடித்ததும் நடுவில் எரியும் நெருப்பைத் தாண்டி எதிரே உட்கார்ந்திருக்கும் இளைய சகோதரர்களான ஒனைடா, கயூகாவிடம் வரும். இரு தரப்பும் ஒத்துப்போனால் நெருப்பைக் காக்கும் ஒனண்டாகாக்கள் உறுதி செய்வார்கள். ஒத்துப்போகாவிட்டால், அல்லது முடிவு சமாதானச் சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று ஒனண்டாகாக்கள் கருதினால், திரும்பவும் பேசச் சொல்லி அனுப்புவார்கள். மெதுவான முறைதான். ஆனால் தோற்றுப்போன சிறுபான்மை என்று ஒரு கூட்டம் மனக்கசப்போடு எழுந்து போகாத முறை.

இதைவிட முக்கியமானது அந்த 50 பேரைத் தேர்ந்தெடுப்பது யார் என்பது. குலத்தாய்மார். வம்சம் தாய்வழியில் வரும், பட்டமும் தாய்வழியில்தான் வரும். யாருக்குப் பட்டம் கொடுப்பது என்று குலத்தாய் தன் குலத்துப் பெண்களைக் கலந்து முடிவெடுப்பார். தலைவராக ஆனவருக்கு மான்கொம்பு சூட்டுவார்கள். அவர் மக்கள் பேச்சைக் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு நடந்தால், ஒருமுறை, இருமுறை, மும்முறை எச்சரிக்கை. அதற்கும் மசியாவிட்டால் கொம்பைக் கழற்றிவிடுவார்கள். வயல் விளைச்சலும் நீண்ட வீடுகளும் பெண்கள் பொறுப்பில் இருந்ததால், அவர்களுக்குப் பிடிக்காத போருக்குக் கட்டுச்சோறு கொடுக்க மறுத்து ஆண்களை நிறுத்திவைக்கவும் முடிந்தது. இதே காலத்தில் ஐரோப்பாவின் எந்த முடியாட்சியிலும் ஆட்சியாளரைப் பதவியிலிருந்து இறக்கும் சட்டபூர்வ உரிமை பெண்களிடம் இல்லை.

எழுத்து இல்லையே, சட்டம் எப்படி நிலைத்தது என்று அடுத்து கேட்பார்கள். சிப்பி ஓடுகளை அரைத்துச் செய்த வெள்ளை, ஊதா மணிகளைக் கோத்து நெய்த பட்டைகள் உண்டு, வாம்பம் என்று பெயர். ஒவ்வொரு பட்டையும் ஒரு சட்டத்துக்கோ உடன்படிக்கைக்கோ சாட்சி. அதைக் கையில் ஏந்தி, அதில் பதிந்துள்ள வாக்கைச் சபையில் சொல்லத் தெரிந்தவர்கள் தலைமுறைதோறும் பயிற்றுவிக்கப்பட்டார்கள். இவற்றில் பிரபலமானது இருவரிசைப் பட்டை. வெள்ளைப் பின்னணியில் இரண்டு ஊதாக் கோடுகள் இணையாக ஓடும். ஒன்று வந்தவர்களின் கப்பல், இன்னொன்று இவர்களின் தோணி. ஒரே ஆற்றில் பக்கத்தில் பக்கத்தில் போவோம், ஒருவர் சுக்கானை மற்றவர் பிடிக்கமாட்டோம் என்பது பொருள். 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களோடு செய்த உடன்பாடு இது என்கிறது ஹோடனோசோனி மரபு. தேதியைப் பற்றி ஆய்வாளர்களிடையே தகராறு உண்டு. இறையாண்மை என்றால் அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்பதில் மட்டும் தகராறுக்கு இடமில்லை.

அமெரிக்க அரசியல் சாசனமே இவர்களைப் பார்த்து எழுதியதுதான் என்று இணையத்தில் அடிக்கடி படிப்பீர்கள். 1744இல் லங்காஸ்டரில் நடந்த பேச்சுவார்த்தையில், எங்களைப் போல நீங்களும் ஒன்றுசேருங்கள் என்று ஒனண்டாகா தலைவர் கனசடேகோ குடியேற்றக்காரர்களுக்கு அறிவுரை சொன்னதும், அந்தப் பேச்சை பெஞ்சமின் பிராங்க்ளின் அச்சிட்டதும் உண்மை. அதிலிருந்து முழுச் சாசனத்தையும் வருவிப்பது மிகை என்றுதான் நான் நினைக்கிறேன். ஹோடனோசோனி ஆட்சிக்குப் பெருமை சேர வேறு யாரும் அதைக் காப்பியடித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி ஒப்பந்தங்கள். இங்கேதான் வாதம் வலுப்பெறுகிறது. ஒரு அரசு தன் குடிமக்களோடு ஒப்பந்தம் போடாது, இன்னொரு அரசோடுதான் போடும். பிரிட்டன் போட்டது, பிரான்ஸ் போட்டது, புதிதாகப் பிறந்த அமெரிக்காவும் 1778 முதல் 1871 வரை நூற்றுக்கணக்கில் போட்டது. மற்ற நாடுகளோடு போட்ட ஒப்பந்தங்களைப் போலவே செனட் சபை அவற்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒப்பந்தங்கள் நாட்டின் உச்ச சட்டம் என்று அமெரிக்க அரசியல் சாசனமே சொல்கிறது. 1794 நவம்பர் 11 அன்று ஹோடனோசோனிகளும் ஜார்ஜ் வாஷிங்டனின் பிரதிநிதியும் கையெழுத்திட்ட கனண்டைகுவா ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் 4,500 டாலர் மதிப்புள்ள பொருள்களைத் தருவோம் என்று அதில் இருக்கிறது. அமெரிக்க அரசு இன்றும் அந்தக் கணக்கில் பருத்தித் துணி அனுப்புகிறது. விலைவாசி ஏறிய ஏற்றத்தில் ஆளுக்குக் கிடைப்பது சிறு துண்டுதான். பணமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றபோது வேண்டாம், துணியே வேண்டும் என்றார்கள். துணி வந்துகொண்டிருக்கும் வரை ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, அதை மறுக்க யாராலும் முடியாது.

பிறகு இந்த அதிகாரம் எப்படி வெட்டப்பட்டது? படைகள் வெட்டியது பலருக்கும் தெரியும். சட்டப் புத்தகம் வெட்டியதுதான் அதிகம் தெரியாதது. 1823இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ ஐரோப்பிய நாடு ஒன்று நிலத்தைக் "கண்டுபிடித்த" கணமே நிலத்தின் இறுதி உரிமை அந்த நாட்டுக்குப் போய்விடுகிறது, அங்கே வாழ்ந்தவர்களுக்குக் குடியிருக்கும் உரிமை மட்டுமே மிச்சம் என்றது. 15ஆம் நூற்றாண்டுப் போப்பாண்டவர்களின் ஆணைகளில் வேர்கொண்ட கோட்பாடு இது. வத்திக்கான் 2023 மார்ச்சில் இதை வெளிப்படையாகக் கைவிட்டது. அமெரிக்கச் சட்டம் இன்னும் கைவிடவில்லை. 2005இல் ஒனைடாக்கள் விலைகொடுத்துத் திரும்ப வாங்கிய தங்கள் பழைய நிலத்தில் தங்கள் இறையாண்மை மீண்டும் செல்லும் என்று கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பிலும் இந்தக் கோட்பாடு எட்டிப்பார்க்கிறது. எழுதியவர் முற்போக்கு நீதிபதி என்று பெயர்பெற்ற ரூத் பேடர் கின்ஸ்பர்க்.

1831இல் செரோக்கி மக்கள் ஜார்ஜியா மாநிலத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கு அப்போது எழுதப்பட்ட அரசியல் சாசனம் இருந்தது, செக்வோயா உருவாக்கிய சொந்த எழுத்துமுறை இருந்தது, அந்த எழுத்தில் அச்சான செய்தித்தாளும் இருந்தது. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் அவர்களை வெளிநாடு என்று ஒப்பவில்லை, "உள்நாட்டுச் சார்பு நாடுகள்" என்று ஒரு புதுப் பெயர் சூட்டினார். மறு ஆண்டே வேறொரு வழக்கில், செரோக்கி மண்ணில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்றும் அவரே தீர்ப்பளித்தார். தீர்ப்பு காகிதத்தில் நின்றது. 1838, 39இல் படைவீரர்கள் அவர்களைக் கிளப்பி மேற்கே விரட்டினார்கள், கண்ணீர்ப் பாதை என்று பெயர்பெற்ற அந்தப் பயணத்தில் சுமார் 4,000 பேர் மடிந்தார்கள். நீதிமன்றத்தில் ஜெயித்தும் நிலத்தை இழந்த கதை இது. ஆனாலும் அந்த 1832 தீர்ப்பு சாகவில்லை. இன்றைய வழக்குகளில் பூர்வகுடி வழக்கறிஞர்கள் அதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் வலிப்பது வேறொரு வழக்கு. 1881இல் லகோட்டா தலைவர் ஸ்பாட்டட் டெய்லை க்ரோ டாக் என்பவர் சுட்டுக் கொன்றார். இரு குடும்பத்தாரும் கூடிப் பேசினார்கள். 600 டாலர், எட்டுக் குதிரைகள், ஒரு போர்வை என்று முடிவானது. இது கொலைக்கு விலை போட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு குடும்பங்களும் அதே ஊரில் தொடர்ந்து வாழ்ந்தாக வேண்டும், பழிக்குப் பழி தொடரக் கூடாது, உறவு மீள வேண்டும் என்பதே லகோட்டா நீதியின் நோக்கம். வழக்கு அத்தோடு முடிந்தது. வெள்ளையரின் நீதிமன்றம் விடவில்லை, க்ரோ டாக்கைப் பிடித்துத் தூக்குத்தண்டனை விதித்தது. 1883இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது: லகோட்டாக்கள் தங்கள் சட்டப்படி ஏற்கெனவே தீர்த்துவிட்ட விவகாரம், எங்களுக்கு இதில் அதிகாரம் இல்லை என்றது. அமெரிக்காவில் கூச்சல் எழுந்தது. இரண்டே ஆண்டில், 1885இல், பூர்வகுடி நிலத்தில் பூர்வகுடிகள் செய்யும் கொலை உள்ளிட்ட ஏழு பெருங்குற்றங்களை ஒன்றிய நீதிமன்றம் விசாரிக்கும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டது. ஒரு சமூகம் தன் மிகக் கடினமான நெருக்கடியைத் தானே தீர்த்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்த அதிகாரத்தையே பிடுங்கினார்கள்.

அதன்பின் அடி மேல் அடி. 1887இன் டாஸ் சட்டம் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் போட்டு, மிஞ்சியதைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டது. 1934க்குள் பூர்வகுடிகளின் நிலம் சுமார் 13.8 கோடி ஏக்கரிலிருந்து 4.8 கோடி ஏக்கராகச் சுருங்கியது. குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போய் உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். 1953 முதல் "முடித்துவைத்தல்" என்ற கொள்கை வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பூர்வகுடி அரசுகளை அமெரிக்கா இனி அங்கீகரிக்காது என்று ஒவ்வொன்றாகக் கைகழுவியது. விஸ்கான்சினின் மெனாமினி மக்கள் போராடி 1973இல் அங்கீகாரத்தைத் திரும்ப வாங்கினார்கள்.

கனடாவின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. 1876இன் இந்தியர் சட்டம் ஒவ்வொரு சமூகத்தையும் அரசு அதிகாரியின் கட்டுப்பாட்டில் வைத்தது. மேற்குக் கடற்கரை மக்களின் ஆட்சியும் சொத்துரிமையும் பலர் முன்னிலையில் உறுதிப்படும் பாட்லாட்ச் விழா 1885 முதல் 1951 வரை குற்றம். 1927 முதல் 1951 வரை நிலவுரிமை வழக்குக்கு வழக்கறிஞர் வைக்கப் பணம் திரட்டுவதும் குற்றம். கனடாவில் கிராண்ட் ரிவர் பகுதியில் வாழ்ந்த ஹோடனோசோனிகளின் சார்பில் டெஸ்காஹே என்ற கயூகா தலைவர் 1923இல் சொந்த மக்கள் கொடுத்த பாஸ்போர்ட்டோடு ஜெனீவாவுக்குப் போனார். ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தில் எங்கள் வழக்கையும் கேளுங்கள் என்று மன்றாடினார். அயர்லாந்து, எஸ்தோனியா, பனாமா, பாரசீகம் ஆகிய நாடுகள் ஆதரவு காட்டின, பிரிட்டன் கதவை அடைத்தது. அவர் அங்கே இருக்கும்போதே, 1924இல், கனடா அரசு பழைய சபையைக் கலைத்துத் தேர்தல் சபையைத் திணித்தது. காவலர்கள் வாம்பப் பட்டைகளை எடுத்துப் போனார்கள். டெஸ்காஹே மறு ஆண்டே காலமானார், சொந்த ஊர் திரும்பாமல். அவர் தட்டிய கதவு திறக்க 84 ஆண்டுகள் ஆயின. 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை பூர்வகுடிகளின் உரிமைப் பிரகடனத்தை 144 வாக்குகளோடு நிறைவேற்றியது. எதிர்த்தவை நான்கே நாடுகள்: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. நான்கும் பின்னால் மனம் மாறி ஆதரித்தன.

சரி, இன்று என்ன இருக்கிறது என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். அமெரிக்க ஒன்றிய அரசு அங்கீகரித்த பூர்வகுடி அரசுகள் 570க்கும் மேல். தங்கள் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது, சட்டம் இயற்றுவது, நீதிமன்றமும் காவல்துறையும் நடத்துவது, வரி போடுவது, பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்துவது எல்லாம் இவர்கள் கையில் உண்டு. 1975இன் சுயநிர்ணயச் சட்டத்துக்குப் பிறகு இது வேகமாக வளர்ந்தது. 1978இல் வந்த ஒரு தீர்ப்பு இந்த அதிகாரத்தின் தன்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. நவஹோ நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற ஒருவரை அதே சம்பவத்துக்காக ஒன்றிய நீதிமன்றமும் விசாரிக்கலாமா, ஒரே குற்றத்துக்கு இரு தண்டனை ஆகாதா என்பது கேள்வி. ஆகாது என்றது உச்ச நீதிமன்றம், ஏனென்றால் தண்டித்தவை இரண்டு வேறு இறையாண்மைகள். நவஹோவின் தண்டிக்கும் அதிகாரம் வாஷிங்டன் கொடுத்ததல்ல, அவர்களிடம் பிறப்பிலிருந்தே உள்ளது. க்ரோ டாக் காலத்தில் நசுக்கப்பட்ட நீதிமுறைக்கு நெருங்கிய ஒன்றை நவஹோ அரசு 1982இல் சமாதான நீதிமன்றம் என்ற பெயரில் மீட்டு நடத்தத் தொடங்கியது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதிகாரம் நிஜமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது மீனை. 1854இல் இன்றைய வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்ட் பகுதி மக்கள் மெடிசின் கிரீக் ஒப்பந்தத்தில் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தார்கள். வழக்கமாக மீன்பிடிக்கும் இடங்களில், குடியேறிகளோடு பொதுவாக, மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் விடவில்லை. நூறு ஆண்டு கழித்து அதே இடத்தில் சால்மனுக்கு வலை போட்டால் மாநிலக் காவலர்கள் படகையும் வலையையும் பறித்துக்கொண்டு ஆளையும் பிடித்துப் போனார்கள். நிஸ்க்வாலி மக்களின் பில்லி பிராங்க் இப்படி முதலில் கைதானது 14 வயதில், அதன்பிறகு 50 முறைக்கு மேல். 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பளித்தார்: "பொதுவாக" என்றால் பாதிக்குப் பாதி, பிடிக்கத்தக்க மீனில் 50 சதவீதம் ஒப்பந்த மக்களுக்கு. அதுவரை அவர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். 1979இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்று அந்தப் பகுதியில் இத்தகைய ஒப்பந்தங்கள் செய்த 20 பூர்வகுடி அரசுகளும் மாநிலத்தோடு சமமாக உட்கார்ந்து எந்த ஆற்றில் எப்போது எவ்வளவு பிடிப்பது என்று முடிவு செய்கின்றன. அவர்களிடம் சொந்த உயிரியலாளர்களும் குஞ்சுபொரிப்பகங்களும் உண்டு. மீன் இல்லாத ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமைக்கு அர்த்தமில்லை என்று அடுத்த வழக்கும் போட்டார்கள். சாலைகளுக்கு அடியில் ஓடையை விடுவதற்காக மாநிலம் பதித்திருந்த குழாய்கள் சால்மன் ஏறிப் போக முடியாதபடி அமைந்திருந்தன, அவற்றை மாற்ற வேண்டும் என்ற உத்தரவு 2018இல் உச்ச நீதிமன்றத்தில் நிலைத்தது. 1854இல் கொடுத்த வாக்குக்காக 21ஆம் நூற்றாண்டில் நெடுஞ்சாலையைத் தோண்டிக் குழாயை மாற்றுகிறார்கள். இதைவிட நிஜமான அதிகாரம் வேறென்ன வேண்டும்?

2020 ஜூலையில் வந்த மெக்கர்ட் தீர்ப்பை எல்லோரும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஓக்லஹோமாவின் கிழக்கில் மஸ்கோகி மக்களுக்கு ஒப்பந்தப்படி ஒதுக்கிய நிலப்பரப்பைக் காங்கிரஸ் ஒருபோதும் சட்டம் போட்டுக் கலைக்கவில்லை, அதனால் அது இன்றும் அவர்களின் ஒதுக்கீட்டு நிலமே என்று 5-4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. துல்சா நகரத்தின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. வீட்டுப் பத்திரங்கள் எதுவும் கைமாறவில்லை. மாறியது, பூர்வகுடிகள் சம்பந்தப்பட்ட குற்றங்களை யார் விசாரிப்பது என்பது. செரோக்கி, சாக்டா முதலான மற்ற மக்களுக்கும் அதே நியாயம் நீட்டிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் வேறொரு தீர்ப்பு, அந்நிலத்தில் பூர்வகுடி அல்லாதவர் பூர்வகுடி மீது செய்யும் குற்றங்களை மாநிலமும் விசாரிக்கலாம் என்று ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

கையைக் கட்டிப்போட்ட நிஜம் என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். 1978இன் ஒலிபன்ட் தீர்ப்பு, பூர்வகுடி அல்லாதவரைப் பூர்வகுடி நீதிமன்றம் குற்ற வழக்கில் விசாரிக்க முடியாது என்றது. விளைவு கொடூரமானது. வெளியாள் ஒருவன் ஒதுக்கீட்டு நிலத்துக்குள் வந்து ஒரு பெண்ணை அடித்தால் அந்த மக்களின் காவல்துறையும் நீதிமன்றமும் கைகட்டி நிற்க வேண்டும். ஒன்றிய வழக்கறிஞர் பல மைல் தள்ளி இருப்பார், பல சமயம் வழக்கை எடுக்கவும் மாட்டார். 2013லும் 2022லும் காங்கிரஸ் குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை போன்ற சில குற்றங்களுக்கு மட்டும் அந்த அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. இத்தனைக்கும் மேலே, எந்த ஒப்பந்தத்தையும் காங்கிரஸ் தன்னிச்சையாக மீறலாம் என்ற 1903ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் தலைக்கு மேல் தொங்குகிறது.

கசப்பான இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இறையாண்மை என்றால் தவறு செய்யும் அதிகாரமும் சேர்ந்ததுதான். செரோக்கிகளில் வசதி படைத்த சிலர் கறுப்பினத்தவரை அடிமைகளாக வைத்திருந்தார்கள். விடுதலை பெற்ற அம்மக்களுக்கும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் முழு உரிமை உண்டு என்று 1866 ஒப்பந்தம் சொன்னது. 2007இல் செரோக்கி நேஷன் வாக்கெடுப்பு நடத்தி அவர்களைக் குடியுரிமையிலிருந்து நீக்கியது. நீண்ட வழக்குகளுக்குப் பின் 2021இல் செரோக்கி உச்ச நீதிமன்றமே, அவர்களுக்குக் குடியுரிமையை மறுக்கக் காரணமான "இரத்த வழியில்" என்ற சொற்களைத் தன் சாசனத்திலிருந்து அகற்றியது. பூர்வகுடி ஆட்சி எல்லாமே இலட்சிய ஆட்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்காக ஆட்சியுரிமையே கூடாது என்றாலும் நம்பாதீர்கள். அந்த அளவுகோலால் அளந்தால் உலகில் எந்த நாடு தேறும்?

ஒரு பூர்வகுடி மக்களின் சார்பில் யார் பேசுவது என்பதும் இன்னும் தீராத சிக்கல். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெட்சுவெட்டன் மக்களின் நிலத்தின் வழியாக எரிவாயுக் குழாய் போட இந்தியர் சட்டத்தின் கீழ் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகள் ஒப்புக்கொண்டன, மரபுவழித் தலைவர்கள் மறுத்தார்கள். 2020 தொடக்கத்தில் கனடா முழுக்க ரயில் பாதைகள் மறிக்கப்பட்டன. அந்தச் சமூகத்துக்குள் பிளவு என்று செய்திகள் எழுதின. பிளவை விதைத்தது யார்? நிர்வாகம் செய்ய ஒரு சபையை வெளியிலிருந்து திணித்தது கனடா அரசுதான். திணித்த சபையின் அதிகாரம் ஒதுக்கீட்டு நிலத்துக்குள்தான், பரந்த பூர்வ நிலத்துக்கோ மரபுத் தலைவர்களே பொறுப்பு.

அதே வெட்சுவெட்டன் தலைவர்களும் அண்டை மக்களான கிட்சான் தலைவர்களும் சேர்ந்து போட்ட டெல்கமூக் வழக்கைச் சொல்லாமல் இந்தப் பதில் நிறைவடையாது. அவர்களிடம் நிலப்பட்டா என்பது ஒரு வீட்டார் வழிவழியாகப் பாதுகாக்கும் கதைகளும் பாடல்களும்தான். மேரி ஜான்சன் என்ற மூதாட்டி சாட்சிக் கூண்டில் தன் வீட்டாரின் துயரப் பாடலைப் பாட முன்வந்தபோது, என்னிடம் பாடிப் பயனில்லை, எனக்குத் தகரக் காது என்றார் நீதிபதி. அவர் பாடினார். 1991இல் வழக்குத் தோற்றது. 1997இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணத்துக்குச் சமமாக எடைபோட வேண்டும் என்றது. 2014இல் சில்கோட்டின் மக்களுக்கு 1,700 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தின் பூர்வ உரிமையைக் கனடாவில் முதன்முறையாக ஒரு தீர்ப்பு அறிவித்ததற்கு அந்த வழக்கே அடித்தளம்.

கடைசியாக இழப்பீடு. 1868 ஒப்பந்தத்தில் கறுப்பு மலைகள் லகோட்டாக்களுக்கே என்று அமெரிக்கா எழுதிக் கொடுத்தது. தங்கம் கிடைத்ததும் 1877இல் எடுத்துக்கொண்டது. 1980இல் உச்ச நீதிமன்றம் இது சட்டவிரோதப் பறிப்பு என்று ஒப்புக்கொண்டு, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. லகோட்டாக்கள் வாங்கவில்லை. அந்தப் பணம் வட்டி ஏறி இன்று 100 கோடி டாலரைத் தாண்டி அரசுக் கணக்கில் கிடக்கிறது. அமெரிக்காவிலேயே மிக வறுமையான வட்டாரங்களில் வாழும் மக்கள் அவர்கள். வாங்கினால் விற்றதாக ஆகிவிடும், மலைகள் விற்பனைக்கு இல்லை என்பதே அவர்கள் நிலை. பணம் கொடுத்து முடிக்கலாமே என்று கேட்பவர்கள் இந்த மறுப்பின் கனத்தை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. பசிபிக் கரையோரம் ஹைடா மக்களின் தீவுக்கூட்டம் ஹைடா க்வாய். 19ஆம் நூற்றாண்டின் பெரியம்மைக்குப் பிறகு அவர்களில் சில நூறு பேரே மிஞ்சினார்கள். 1985இல் லயல் தீவில் மரம் வெட்ட வந்தவர்களை மூத்தவர்கள் பாதையை மறித்து நிறுத்தினார்கள், 72 பேர் கைதானார்கள். 1993இல் ஹைடாவும் கனடாவும் அந்தப் பகுதியைச் சேர்ந்து பராமரிக்க ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன் தொடக்கத்தில் இரண்டு பத்திகள் அருகருகே இருக்கும். ஒன்றில் இது ஹைடாவின் நிலம் என்று இருக்கும், மற்றதில் இது கனடா அரசின் நிலம் என்று. யார் சொந்தக்காரர் என்பதில் நாங்கள் ஒத்துப்போகவில்லை, ஆனாலும் அந்த நிலத்தைச் சமபங்காகச் சேர்ந்து காப்போம் என்று இரண்டு அரசுகள் எழுதிக் கையெழுத்திட்டன. 2024இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் ஒப்பந்தமும் சட்டமும் செய்து, முழுத் தீவுக்கூட்டத்தின் மீதும் ஹைடாவின் பூர்வ உரிமையை ஏற்றுக்கொண்டது. இதற்கு நீதிமன்றம் கட்டாயப்படுத்தும் வரை அது காத்திருக்கவில்லை. அங்கே வாழும் மற்றவர்களின் வீடும் மனையும் அவர்களுக்கே என்று ஹைடாக்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஊராட்சிகளும் சாலைகளும் பள்ளிகளும் முன்போலவே நடக்கின்றன. காட்டையும் பொதுநிலத்தையும் பற்றிய முடிவுகள் படிப்படியாக ஹைடா அரசின் கைக்கு எப்படி மாறுவது என்ற பேச்சுவார்த்தை அந்த ஒப்பந்தத்திலிருந்துதான் தொடங்கியது.